சோணையம்மாள் மகள் மதுரையில்தான் இறங்குவாள்

காளவாசலில் நான் டிக்கெட் கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கடை என்றதும் கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜை மேல் உலக உருண்டை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பக்கம் செருப்புக் கடை, மறுபக்கம் செல்போன் ரிப்பேர். நடுவில் ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார நாலு நாற்காலி, நான். பெயர் சேக் இஸ்மாயில். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். டிக்கெட் பாய் என்று கேட்க வேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, டிக்கெட் எம்புட்டு என்பதுதான். எங்கே இறங்குவது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதை நான் சொல்வேன், அவர்கள் தலையாட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து நம் ஊருக்கு வருகிறவன் சென்னையில் இறங்கலாம், திருச்சியில் இறங்கலாம், கொச்சியில் இறங்கலாம், திருவனந்தபுரத்தில் இறங்கலாம். மதுரையிலும் இறங்கலாம். மதுரையைக் கடைசியாகச் சொல்வது என் வழக்கமாக இருந்தது. மதுரைக்காரனே மதுரையில் இறங்க யோசிக்கிறான் என்றால் நான் என்ன செய்ய? திருச்சியில் இறங்கி, வீட்டிலிருந்து வந்த வேனில் ஏறி, கொட்டாம்பட்டி தாண்டி ஒரு டீ குடித்தால்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது என்கிறான். குடித்துத் தொலை என்று விட்டுவிடுவேன்.

இந்த இருபத்தெட்டு வருடத்தில் எங்கே இறங்குவது என்று தீர்மானம் செய்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தவர் ஒரே ஒருத்தர். அவர்தான் சோணையம்மாள். அவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அதை மறைத்தால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். அதனால் அதையும் எழுதுகிறேன்.

போன வருடம் சித்திரைக் கடைசி. பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வெறும் கூடையோடு நேராகக் கடைக்கு வந்தார். ஐம்பத்து நாலு வயது. கறுத்து ஒல்லியான உடம்பு. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

"பாய், என் மக ஆடியில வாரா. மதுரையில இறங்கணும். வர்றப்ப இடது கைப் பக்கம் ஜன்னல் சீட்டா போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, இது என்ன டவுன் பஸ்ஸா, இடது கை, வலது கைன்னு கேக்குறீங்க?"

"பஸ்ஸுன்னா உங்ககிட்ட எதுக்கு வாரேன்? ஸ்டாண்டுக்குப் போயி ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் பிடிச்சிருக்க மாட்டேனா?"

அவர் மகள் தமிழ்வாணியை எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அவளும் அவள் புருஷனும் மெல்பர்ன் போக டிக்கெட் போட்டதே நான்தான். அவள் அங்கே ரயில்வேயில் சிக்னல் என்ஜினியர். போனதிலிருந்து ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. முதல் இரண்டு வருடம் கொரோனா, அப்புறம் விசா, அப்புறம் வேலை. இப்போதுதான் ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. மெல்பர்னிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மதுரை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பாவம், விவரம் தெரியாத மனுஷி, பக்கத்து ஏர்போர்ட் என்பதால் மதுரை என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விவரம் தெரியாதவன் நான்தான் என்பது பிற்பாடுதான் விளங்கியது.

சோணையம்மாளின் மல்லிகைத் தோட்டம் மதுரை விமான நிலையத்துக்குக் கிழக்கே, ஓடுதளம் முடிகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஐம்பது சென்ட். அதே தோட்டத்தில் பன்னிரண்டு வயதில் கூலிக்குப் பூ எடுக்கப் போனவர் அவர். அப்பனுக்கும் பாட்டனுக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. வீடு ஊரின் கிழக்குக் கடைசித் தெருவில். பொழுது விடியுமுன் தோட்டத்துக்கு வந்து வெயில் ஏறும்வரை குனிந்தே நிற்க வேண்டும்.

ஒருநாள் தோட்டத்துக்காரரின் மூத்த மகன் பம்பாயிலிருந்து விமானத்தில் வந்தான். தலைக்கு மேல் அது இறங்கியபோது பூ எடுத்த பொம்பளைகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று சத்தம் போட்டார். "என்னத்த வேடிக்க பாக்குறீக? குனிஞ்சு பூவ எடுங்க. நிமிந்தவளுக்கு இன்னிக்கு அரைக் கூலிதான்." அன்று நிமிர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் சொன்னபடி அரைக் கூலிதான் கிடைத்தது.

இதைச் சோணையம்மாள் என்னிடம் சொன்ன விதம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பூ எடுக்கணும்னா குனிஞ்சுதான் எடுக்கணும் பாய். அது எனக்குத் தெரியாதா? ஆனா நிமிரக்கூடாதுன்னு ஒருத்தன் சொன்னான் பாருங்க. அது நெஞ்சுல நின்னுபோச்சு."

தோட்டத்துக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகன்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். மகளிர் குழுக் கடனும் காதில் கிடந்ததும் போட்டு, அந்த ஐம்பது சென்ட்டைச் சோணையம்மாள் தன் பெயருக்கே எழுதி வாங்கினார். பத்திரம் கைக்கு வந்த அன்று தோட்டத்து நடுவில் போய் நின்றார். ஒரு விமானம் வரும்வரை நின்றார். அது தலைக்கு மேல் வந்து, ஏர்போர்ட் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கி, சத்தம் அடங்கும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் புருஷன் அழகுமலை வரப்பில் உட்கார்ந்து, "கழுத்து வலிக்கப் போகுது சோணை" என்றாராம். அழகுமலை அப்படித்தான், உலகத்தில் யாருக்கும் கழுத்துகூட வலிக்கக் கூடாது என்று நினைக்கிற மனுஷன்.

பார்த்துப் பார்த்து விமானத்தின் போக்குவரத்து முழுக்க அந்த அம்மாளுக்கு அத்துப்படி. மேற்கிலிருந்து காற்றடித்தால் விமானம் கிழக்கே வந்து, காற்றுக்கு எதிர்முகமாக அவர் தலைக்கு மேல்தான் இறங்கும். கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் அந்தப் பக்கமாக இறங்கிவிடும், போகும்போதுதான் இந்தப் பக்கம் ஏறும். ஆடி மாதம் மதுரையில் மேல்காற்றுதான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் இறங்கும் விமானத்தில் இடது கை ஜன்னலில் உட்கார்ந்தால், கண்மாய் தாண்டியதும் கீழே சோணையம்மாளின் மல்லிகைத் தோட்டம் தெரியும். ஆடியும் மதுரையும் இடது கை ஜன்னலும் இப்படித்தான் வந்தன. நான் டவுன் பஸ் என்று கேலி செய்தேன்.

வைகாசி பிறந்ததும் சென்னையிலிருந்து காசிமாயன் எனக்குப் போன் செய்தார். தமிழ்வாணியின் மாமனார். அரசாங்க உத்தியோகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்று, மூத்த மகனோடு சென்னையில் இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் வெளிநாடு, எல்லோருக்கும் டிக்கெட் என் கடையில்தான்.

"பாய், சின்னவனும் மருமகளும் வர்றாங்க. சென்னைக்குப் போட்டுடுங்க."

சின்னவன் ராஜபாண்டி. காலேஜில் தமிழ்வாணியோடு படித்தவன். அவர்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பெண் வீட்டில் அப்பா, அம்மா வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஈ, காக்கை வரவில்லை. காரணத்தை நான் விளக்க வேண்டுமா? ஒரே ஊர்ப் பக்கம்தான் இரண்டு குடும்பமும், ஆனால் அவர்கள் தெரு வேறு, இவர்கள் தெரு வேறு. கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் இருவரும் விமானம் ஏறிவிட்டார்கள். காசிமாயன் மூன்று வருடம் மகனோடு பேசவில்லை. அவர் வீட்டம்மா அழுத அழுகையில் அப்புறம் பேச ஆரம்பித்தார். மருமகள் யார் என்று உறவுக்காரர்கள் கேட்டால் மெல்பர்னில் என்ஜினியர் என்பார். எந்த ஊர்ப் பெண் என்று கேட்டாலும் மெல்பர்ன் என்பார்.

எனக்குச் சென்னை நியாயமாகத்தான் பட்டது. விமானமும் அதிகம், நேரமும் தோதாக இருக்கும். சோணையம்மாளைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லலாம் என்று வரச் சொன்னேன். போதாத காலம், அன்றைக்கே காசிமாயனும் பரவையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் அப்படியே கடைக்குள் வந்துவிட்டார். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தார். சோணையம்மாள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி" என்றார் சோணையம்மாள். கடை என்னுடையது, வரவேற்றது அவர்.

காசிமாயன் அந்த வார்த்தையைக் காதில் வாங்காத மாதிரி என்னைப் பார்த்துப் பேசினார். "சென்னையில ஒரு மண்டபம் பேசியிருக்கு பாய். எங்க சொந்தக்காரங்களுக்கு ஒரு ரிசப்ஷன். இவங்க எல்லாம் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம்னுதான் சொல்லல. ரிசப்ஷன் முடிஞ்சதும் பிள்ளைகள நானே மதுரைக்குக் கூட்டிட்டு வர்றேன். ஓட்டல்ல ரூம் போட்டுருவோம். இவங்க வந்து பாத்துக்கலாம்."

"என் மகள நான் ஓட்டல்ல வந்து பாக்கணுமா?"

"அம்மா, ஏர்போர்ட் எதுவா இருந்தா என்னம்மா? எல்லாம் ஒரே நாடுதானே" என்றார் காசிமாயன்.

"எதுவா இருந்தா என்னன்னா, மதுரையாவே இருக்கட்டும்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அடக்கிக்கொண்டேன்.

"சொல்றதக் கேளுங்கம்மா. முதல்ல எங்க வீட்டுல கால் வைக்கிறதுதான் முறை" என்றார் அவர்.

"முறை பேசுறீகளா? நல்லது. பேசுவோம்." சோணையம்மாள் கூடையைக் கீழே வைத்தார். "கல்யாணம் முடிஞ்சா பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வரணும். பொண்ணு வீட்டுல எல போட்டு, மாப்பிள்ளையும் அவுக அப்பன் ஆத்தாளும் உக்காந்து சாப்புடணும். ஆறு வருசமா என் மக மறுவீடு வரல. பறந்து போனவ பறந்து வாரா. வந்து எறங்குனா என் வாசல்லதான் மொதக் கால் வப்பா. நீங்களும் வந்து என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, அதுக்கப்புறம் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி மண்டபத்துல வைங்க, மலை மேல வைங்க. நான் கேக்கப் போறதில்ல."

காசிமாயன் முகம் இறுகிவிட்டது. விவகாரம் ஏர்போர்ட் இல்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. சென்னையில் இறங்கினால் அவர் அந்தத் தெருவுக்குள் வரவே வேண்டாம். அந்த இலையில் உட்காரவே வேண்டாம். மருமகள் மெல்பர்ன்காரியாகவே இருந்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

சோணையம்மாள் எழுந்து போன பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பாய், நமக்குள்ள இருபது வருஷப் பழக்கம். மதுரைக்கு சீட் இல்லைன்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. யாருக்கும் மனவருத்தம் இல்லாம முடிஞ்சிடும்."

நான் சரி என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? பெரிய இடத்து வாடிக்கை போய்விடுமே என்கிற பயம்தான். வேறு காரணம் எதுவும் தேடிப் பிடிக்க நான் விரும்பவில்லை.

தமிழ்வாணிக்கு மதுரையில் இடம் இல்லை என்று செய்தி அனுப்பினேன். வீட்டில் சோறு சாப்பிடும்போது என் மனைவி அமீருன்னிசாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள். "ஏங்க, ஒரு தாயையும் மகளையும் பிரிக்கப் பொய் சொல்லிட்டு வந்துதான் இந்தச் சோத்துல கை வச்சீங்களா? இது ஹராம் இல்லாம வேற என்ன?"  குழம்பு உறைக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மறுநாள் சோணையம்மாள் வந்தார். "எடம் இல்லன்னு மக சொல்லுறா. நெசமா பாய்?"

"ஆமாம்மா. ஆடியில கூட்டம்."

"ரெண்டு மாசம் கெடக்கு. திருவிழா பஸ்ஸுகூட இம்புட்டு முன்னாடி நெறையாதே."

"பிளேன் வேற மாதிரிம்மா."

அவர் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "அந்த பிளேனக் காட்டுங்க" என்றார்.

என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை, அவர் பேச்சைக் கேட்டது. அவர் மகள் வர நினைத்த நாளின் கொழும்பு விமானம் திரையில் வந்தது. வரிசை வரிசையாகக் கட்டங்கள்.

"கறுப்பு என்ன? வெள்ளை என்ன?"

"கறுப்பு ஆள் இருக்கிற சீட்டு."

"வெள்ளை?"

நான் மவுஸைத் துடைக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனால் நாற்பது வருடமாகப் பூ எண்ணிய விரல். திரையைத் தொட்டுத் தொட்டு வெள்ளைக் கட்டங்களை எண்ணினார். நாற்பது தாண்டியதும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்களுமா பாய்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. என் கடையில், என் நாற்காலியில், என் வயதில், அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தமிழ்வாணிக்கு வீடியோ கால் போட்டேன். அவள் எடுத்ததும், "தாயி, நான் உனக்குப் பொய் சொல்லிட்டேன். மதுரைக்கு எடம் தாராளமா இருக்கு. உன் மாமனார் சொல்லச் சொன்னாரு, நான் சொல்லிட்டேன். மன்னிச்சுக்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

தமிழ்வாணி போனை அம்மா பக்கம் திருப்பச் சொன்னாள். பிறகு, "அம்மா, எனக்கு மட்டும் ஆசை இல்லையா? மாமா இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்காரு. மறுபடி கோவிச்சுக்கிட்டாருன்னா ராஜபாண்டி உடைஞ்சு போயிருவாரும்மா. சென்னையில இறங்கிட்டு ரெண்டே நாள்ல உன்கிட்ட ஓடி வந்துர்றேன்" என்றாள். 

சோணையம்மாள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தமிழு, நல்லாக் கேட்டுக்க. நீ சென்னையில இறங்குனா உன்னப் பாக்க நான் வரமாட்டேன். ஓட்டல் வாசல்ல நின்னு, யாரு நீங்கன்னு கேட்டா, பூக்காரம்மான்னு சொல்லிட்டு உள்ள வரச் சொல்றியா? ஆறு வருசம் பாக்காம இருந்தேன். இன்னும் ஆறு வருசம் இருப்பேன். செத்துக்கூடப் போவேன். ஆனா ஒளிஞ்சு நின்னு என் மகளப் பாக்க மாட்டேன். எங்க இறங்கணுங்கறத நீயே முடிவு பண்ணு."

போனை என்னிடம் கொடுத்தார்.  கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஜெயிக்கிறோமா, தோற்கிறோமா என்று தெரியாமலே அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. பெற்ற மகளையே பணயம் வைத்துவிட்டுப் போகிறார்.

இரண்டு நாள் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் காலை தமிழ்வாணி கூப்பிட்டாள்.

"பாய், ரெண்டு டிக்கெட் போடுங்க. மதுரை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல."

"மாப்பிள்ளை என்னம்மா சொல்றாரு?"

"அவருதான் முதல்ல சொன்னாரு. 'எங்கப்பா சாப்பிட வந்தா வரட்டும், வராட்டி நான் ரெண்டு எலை சாப்பிடுறேன்'னு சொல்லிட்டாரு. பாய், அந்த இடது கை ஜன்னல்…"

"போட்டாச்சும்மா" என்றேன். உண்மையிலேயே அவள் கேட்பதற்கு முன்பே போட்டுவிட்டேன்.

காசிமாயனுக்கு நானே போன் செய்து சொன்னேன். இனி உன் கடைப்பக்கம் வரமாட்டேன் என்றார். சரிங்க என்றேன். அன்றைக்கு அமீருன்னிசா வைத்த குழம்பு உறைக்கவில்லை.

ஆடி பதிமூன்றாம் தேதி. விமானம் பத்தேகாலுக்கு. எட்டு மணிக்கே என் வண்டியில் சோணையம்மாளின் தோட்டத்துக்குப் போய்விட்டேன். ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியவன் தோட்டத்துக்கு ஏன் போனேன் என்றால், அந்த அம்மாள் அங்கேதான் நின்றார். வேனில் பதினாறு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அழகுமலை கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நீ வராம எப்பிடி சோணை? பிள்ள தேடுமே."

"எறங்குற எடத்துக்கு நீங்க போங்க. வர்ற வழியில நான் நிக்கிறேன்."

வேன் போய்விட்டது. தோட்டத்தில் நாலு பொம்பளைகள் கடைசி வரிசையில் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோணையம்மாள் புதுச்சேலை கட்டி, வரப்பு ஓரத்துத் தென்னையைப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். ஓலை அசையவில்லை. ஆடி மாதத்தில் காற்று செத்துக் கிடந்தது.

எட்டே முக்காலுக்குச் சென்னை விமானம் ஒன்று வந்தது. அது மேற்கே போய் அந்தப் பக்கமாக இறங்கிவிட்டது. எங்கள் தலைக்கு மேல் ஒன்றும் வரவில்லை.  சோணையம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். சம்பந்தியோடு மல்லுக்கட்டலாம், என்னோடு மல்லுக்கட்டலாம், காற்றோடு என்ன செய்வது? நான் மனதுக்குள் துஆ கேட்டேன். காற்றுக்காக அல்லாஹ்விடம் கையேந்தியது அதுதான் முதல் தடவை.

ஒன்பதரைக்குப் புழுதி கிளம்பியது. தென்னை ஓலை ஒருதரம் புரண்டது. அப்புறம் மொத்த மரமும் கிழக்கே சாய்ந்து ஆட ஆரம்பித்தது. சோணையம்மாளின் முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டது. என் தொப்பி பறக்கப் பார்த்தது, ஒரு கையால் அழுத்திக்கொண்டேன்.

"வந்துட்டியா!" என்று காற்றைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "இம்புட்டு நேரம் எங்கடா போயிருந்த?"

பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கிழக்கே ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிதானது. சக்கரம் தெரிந்தது. கண்மாயைத் தாண்டியதும் சத்தம் கேட்டது. பூ எடுத்த நாலு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள். தினமும் போகிற விமானம், அவர்களுக்கு அதில் என்ன?

சோணையம்மாள் கத்தினார். "ஏய், எல்லாரும் நிமிருங்கடி! பூவக் கீழ போடுங்க! நிமிந்து பாருங்க! அதுல வர்றது என் மக!"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நானும் நிமிர்ந்தேன். விமானம் தோட்டத்துக்கு மேல் வந்து எங்களை ஒரு நொடி நிழலில் போட்டுவிட்டு இறங்கியது. சோணையம்மாள் கை அசைக்கவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அது சுவருக்கு அந்தப் பக்கம் மறைகிறவரை பார்த்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

ஏர்போர்ட்டில் நடந்ததை அழகுமலை சொன்னார். காசிமாயனும் மாலையோடு வந்து நின்றாராம், காரும் ஓட்டல் ரூமும் தயாராக. தமிழ்வாணி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "மாமா, மறுவீட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க" என்று சொல்லி, பதினாறு பேர் நெருக்கியடித்த வேனில் ஏறிவிட்டாள். ராஜபாண்டி பின்னாலேயே ஏறிக்கொண்டான். மகனை ஆறு வருடமாகப் பார்க்காத மனுஷன் என்ன செய்வார்? அவர் கார் வேனுக்குப் பின்னால் வந்து அந்தக் கிழக்குத் தெருவுக்குள் நுழைந்தது.

ஆலாத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். தமிழ்வாணி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தெருவே நின்றது. "பாத்தேம்மா! கண்மாய் தாண்டுனதும் பாத்தேன்! பாய் தொப்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு, அத வச்சுத்தான் நம்ம தோட்டம்னு கண்டுபிடிச்சேன்" என்றாள். என் தொப்பிக்கு இதைவிட மரியாதை கிடைக்காது.

பந்தலில் இலை போட்டார்கள். காசிமாயன் ஓரமாக நின்று, "நான் சாப்பிட்டுட்டேன்" என்றார்.

"சரிங்க சம்பந்தி" என்றார் சோணையம்மாள். "உங்களுக்குப் போட்ட எல இது. வேற யாரும் உக்கார மாட்டாக. நீங்க கெளம்புற வரைக்கும் இங்கதான் கெடக்கும்."

எங்களுக்குச் சோறும் கறிக்குழம்பும் வந்தன. அந்த இலை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரோடு காலியாகக் கிடந்தது. ராஜபாண்டி அதற்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அப்பாவைப் பார்த்தான். கூப்பிடவில்லை. காசிமாயன் நின்றுகொண்டே இருந்தார். வெயில், வேறு நாற்காலி இல்லை. பந்தி முடிகிற நேரத்தில் மெல்ல வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு போட வந்தவரைக் கை காட்டித் தடுத்தார். டம்ளரை எடுத்து, அண்ணாந்து, முழுத் தண்ணீரையும் குடித்தார். அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியில் சோணையம்மாள் மறுபடியும் கடைக்கு வந்தார். அதே கூடை. உட்காரச் சொல்வதற்கு முன் உட்கார்ந்தார்.

"பாய், ஆடிக்குப் பிள்ளைக வாராக. மதுரைதான்."

"தெரியும்மா. இடது கை ஜன்னல்."

"இன்னொரு டிக்கெட்டும் போடணும். இது என் கணக்குல." முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "சென்னையில இருந்து மதுரைக்கு. சம்பந்தி பேருல."

"அவரா? வருவாரா?"

"போன தடவ தண்ணி குடிச்சாருல்ல. இந்தத் தடவ சோறும் தின்பாரு. வராட்டிப் போறாரு, எல கெடக்கும்." நான் அந்த விமானத்தை எடுத்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பி, வெள்ளைக் கட்டங்களில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். "இதப் போடுங்க. இது இடது கைதான? அவரும் ஒருக்கா எங்க தோட்டத்துக்கு மேல வந்து இறங்கட்டும்."

நான் போட்டேன்.